ஐந்தாமவன் கையில் நோயர் ஏடு

மருத்துவம் நான்கு கூறுடையது என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து ஊட்டுபவன் என்பன அந்நான்கு. பல நூற்றாண்டுகளாக இப்பகுப்பில் எவரும் குறை கண்டிலர். ஆயின், கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் ஐந்தாமவன் ஒருவன் மருத்துவரின் அறைக்குள் வந்து அமர்ந்துகொண்டான். அவன் நாடி பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, நோயரின் முகத்தைக்கூடக் கண்டறியான். ஆனால் நோயரின் ஏடு முழுவதும் அவன் பெட்டிக்குள் இருக்கிறது. அப்பெட்டியின் திறவுகோலோ அவன் இடுப்பில் இருக்கிறது. மூடுண்ட மென்பொருளை விற்கும் வணிகனே அவ்வைந்தாமவன்.

யாம் வலியுறுத்த வருவது ஒன்றே. ஊர்தோறும் உள்ள சிறு மருத்துவகங்கள் தம் கணினிகளை ஒரு வலையாகப் பிணைத்து நோயர் ஏடுகளை அவற்றில் வைக்கத் தலைப்படும்போது, அவ்வமைப்பைத் திறவூற்று மென்பொருளால் கட்டுதல் வேண்டும். பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நோயர் மருத்துவர்மேல் வைத்த நம்பிக்கையை, அந்நோயர் கண்டும் கேட்டும் அறியாத ஒருவனிடம் ஈடு வைக்கும் உரிமை மருத்துவர்க்கு இல்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

முதற்கண் ஏடு என்பது யாதென எண்ணிப் பார்க்க. ஒரு நீரிழிவு நோயரின் பத்தாண்டுக் குருதி அளவுகள், எந்த மருந்து அவர் உடலில் தடிப்பை உண்டாக்கியது, அவர் தாய்க்கு இருந்த நோய் யாது, எந்த ஆண்டில் எந்த அறுவை நடந்தது என்பனவெல்லாம் சேர்ந்ததே ஏடு. நினைவிழந்து கிடக்கும் நோயருக்காக வாய் திறந்து பேசுவது அவ்வேடு ஒன்றே. தாளில் எழுதிய காலத்தில் அதற்கு ஆயிரம் குறைகள் இருந்தன. கையெழுத்து விளங்காது; கறையான் அரிக்கும்; தேடினால் கிடைக்காது. ஆயினும் ஒரு நன்மை இருந்தது. தாள் விற்ற கடைக்காரன் அதில் எழுதியவற்றின்மேல் உரிமை கொண்டாடவில்லை. குறிப்பேட்டைத் திறக்க ஆண்டுதோறும் அவனுக்குக் கூலி கட்டவேண்டியிருக்கவில்லை. அவன் கடையை மூடிவிட்டால் எழுத்துகள் மறைந்தும் போகவில்லை.

கணினிக்கு மாறியபின் நிலைமை என்ன? பல மூடுண்ட மென்பொருள்கள் ஏடுகளைத் தாம் மட்டுமே அறிந்த ஒரு வடிவில் எழுதி வைக்கின்றன. ஆண்டு உரிமத் தொகை கட்டும்வரை ஏடு திறக்கும். கட்டாத ஆண்டில் திறவாது. வேறொரு மென்பொருளுக்கு மாற விரும்பினால் ஏடுகளை எடுத்துச் செல்ல வழி இராது. வழி இருந்தாலும் அதற்குத் தனிக்கூலி கேட்கப்படும். விற்ற நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் விலைக்கு வாங்கிப் பழைய மென்பொருளைக் கைவிட்டால், மருத்துவரின் பதினைந்தாண்டு உழைப்பு, எவராலும் படிக்கவியலாத எண்குவியலாகிவிடும். வீட்டை விலைக்கு வாங்கியதாக எண்ணியிருந்தவன், கதவின் திறவுகோல் மட்டும் விற்றவனிடமே இருப்பதைப் பின்னர்க் கண்டால் எப்படியிருக்கும்? அந்நிலையே இது.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க நெறிமுறைகளின்படி, உள்நோயரின் ஏட்டை மருத்துவம் தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் மருத்துவர் காத்துவைத்தல் வேண்டும். நோயரோ அவர்தம் இசைவு பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் ஏட்டைத் தருதல் வேண்டும். 2023இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மின்வழித் தனிச்செய்திக் காப்புச் சட்டமும் இவ்வழியே செல்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தன் பொருட்டு வேறொருவர் செய்திகளைக் கையாண்டாலும் பொறுப்பு, பெற்றவர்க்கே உரியது என்பது அச்சட்டத்தின் நிலை. ஆகப் பொறுப்பு மருத்துவருடையது, திறவுகோலோ வணிகனுடையது. கடமை ஒருவர் தோளிலும் ஆற்றல் இன்னொருவர் கையிலும் இருப்பதை ஆளுமை என்பதா, அடிமை என்பதா?

திறவூற்று மென்பொருள் என்பது இக்கட்டை அறுப்பது. ஒரு மென்பொருள் எவ்வாணைகளால் ஆக்கப்பட்டதோ அவ்வாணைகளின் முழு எழுத்தும் பயன்படுத்துவோர் கைக்கே வரும். எந்நோக்கத்திற்கும் அதை இயக்கலாம், உட்புகுந்து ஆராயலாம், பிறர்க்குப் படி எடுத்துத் தரலாம், திருத்திய வடிவத்தையும் பரப்பலாம். இந்நான்கு உரிமைகளே இதன் உயிர். 1983 செபுதம்பரில் இரிச்சர்டு சுடால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்ததும், 1991இல் பின்லாந்து மாணவராக இருந்த இலினசு டோர்வால்ட்சு தாம் எழுதிய இயங்குதளக் கருவை வெளியிட்டதும் இவ்வுரிமைகளுக்கு உருக்கொடுத்தன. இலினக்சு என்னும் அவ்வியங்குதளம் இன்று உலகின் பெரும்பெருங் கணினிக் கூடங்களையெல்லாம் இயக்குகிறது. விலையில்லாமல் கிடைப்பது இதன் பக்கப்பயன். உரிமையோடு கிடைப்பதே இதன் முதற்பயன்.

‘இவையெல்லாம் கேட்க இனியவை, மருத்துவகத்திற்கு ஒத்துவருமா?’ என்று வினவுவோர் உளர். ஒத்துவந்த இடங்களைக் காட்டுவோம்.

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஆமில்டன் நகரிலுள்ள மெக்மாசுட்டர் பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவத் துறையில், 2001ஆம் ஆண்டளவில் தாவீது சான் என்னும் மருத்துவர் முன்னின்று ‘ஆசுகர்’ என்னும் திறவூற்று மென்பொருளை உருவாக்கினார். பெரிய மருத்துவமனைகளுக்கன்று, இரண்டு மூன்று மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் குடும்ப மருத்துவகங்களுக்கென்றே அஃது எழுதப்பட்டது. கனடாவின் பல மாநில மருத்துவகங்களில் அது பரவியது. அதை நிறுவிப் பேணித் தரும் தொழிலைப் பல நிறுவனங்கள் மேற்கொண்டன. ஒருவர் பணி பிடிக்கவில்லையெனில், ஏடுகளும் மென்பொருளும் இருந்தவாறே இருக்க, வேறொருவரை மருத்துவர் அமர்த்திக்கொள்ளலாம். வேலையாளை மாற்றுவதற்கு வீட்டை இடிக்கவேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

ஆப்பிரிக்காவில் இதனினும் கடினமான சூழலில் இஃது ஆய்ந்து பார்க்கப்பட்டது. எச்.ஐ.வி. நோயர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த கென்யாவின் எல்தொரெட்டு நகரில், தாள் ஏடுகளைக்கொண்டு எவரெவர் மருந்து வாங்க வரவில்லை என்று கண்டறிதல் இயலாததாயிற்று. 2004இல் தொடங்கிய ‘ஓப்பன் எம்.ஆர்.எசு.’ என்னும் திறவூற்று ஏட்டமைப்பு 2006இல் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டில் உருவாண்டாவின் சிற்றூர் மருத்துவமனைக்கும் சென்றது. மின்தடையும் இணையத்தடையும் நாள்தோறும் உள்ள இடங்களில் அது நின்று பிடித்தது.

இந்தியாவிலேயே சத்தீசுகர் மாநிலத்தில், பிலாசுப்பூருக்கு அருகே கனியாரி என்னும் சிற்றூரில், மருத்துவர்கள் சிலர் கூடி ஏழையர்க்கென நடத்தும் ‘சன் சுவாத்திய சகயோக்’ மருத்துவமனை உள்ளது. ‘பாம்னி’ என்னும் திறவூற்று மருத்துவமனை அமைப்பு 2013ஆம் ஆண்டளவில் அங்கேதான் முதன்முதலில் நிறுவப்பட்டது. நோயர் ஏட்டுக்கு மேற்சொன்ன கென்ய மென்பொருளையும், ஆய்வகத்திற்கு ஒரு திறவூற்று மென்பொருளையும், மருந்துக் கணக்கிற்கும் வரவு செலவிற்கும் மற்றொன்றையும் எடுத்து, மூன்றையும் ஒன்றாகப் பிணைத்தார்கள். மூன்றும் திறந்தவை ஆகலின் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. மூடுண்டவையாக இருந்திருந்தால், மூன்று வணிகர்களின் வாயிலில் மூன்று முறை கைகட்டி நிற்கவேண்டியிருந்திருக்கும்.

மாறான படிப்பினை ஒன்று அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறையில் 1970களின் இறுதியில், மருத்துவர்களும் நிரல் எழுதுவோரும் அருகருகே அமர்ந்து, தம் தேவைக்கேற்பத் தாமே ஓர் ஏட்டமைப்பைக் கட்டினர். பின்னாளில் ‘விசுட்டா’ என்று பெயர் பெற்ற அதன் ஆணையெழுத்து பொதுமக்களின் உடைமை, கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. யோர்தான் நாடு தன் அரசு மருத்துவமனைகளுக்கு அதையே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. காலப்போக்கில் அது பழையதாயிற்று என்பது உண்மை. அதைப் புதுக்குவதற்கு மாறாக, 2018 மே திங்களில் ஏறத்தாழ ஆயிரங்கோடி தாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்தின் மூடுண்ட அமைப்பை வாங்க அத்துறை உடன்பட்டது. 2020 அக்தோபரில் இசுப்போக்கேன் நகர மருத்துவமனையில் அது முதலில் இயங்கத் தொடங்கியது.

பின்னர் நடந்ததை அத்துறையின் தலைமை ஆய்வாளரே 2022 சூலையில் வெளியிட்ட அறிக்கையில் எழுதினார். மருத்துவர்கள் எழுதிய ஆணைகளுள் 11,000க்கும் மேற்பட்டவை, சேரவேண்டிய இடத்தைச் சேராமல், ஆணை எழுதியவர்க்கும் தெரியாமல், அமைப்புக்குள் இருந்த ஒரு கண்காணா வரிசையில் போய் விழுந்துகிடந்தன. அத்தகைய வரிசை ஒன்று உண்டென்பதையே பயன்படுத்துவோர்க்கு விற்றவர் அறிவிக்கவில்லை. அதனால் 149 நோயர்க்குத் தீங்கு நேர்ந்ததாக மருத்துவக் குழு கணக்கிட்டது. 2023 ஏப்பிரலில் மற்ற மருத்துவமனைகளுக்கு அதை விரிவாக்கும் பணி நிறுத்திவைக்கப்பட்டது. திறந்த மென்பொருளில் பிழையே நேராது என்று யாம் சொல்லவில்லை. பிழை எதிலும் நேரும். ஆனால் பிழையைத் தேடும் கண்களுக்குத் திரை போடப்பட்டிருப்பதா, இல்லையா என்பதே வினா. ஆணை எங்கே போயிற்றென்று மருத்துவமனை தானே திறந்து பார்க்கவியலாத அமைப்பு, நோயரின் உயிரோடு ஆடும் கண்கட்டு ஆட்டமாகும்.

இனி, ஒரு சிறு மருத்துவகத்தில் இவ்வமைப்பை எங்ஙனம் கட்டுவது என்பதைச் சுருங்கச் சொல்வோம். பதிவிடம், மருத்துவர் அறை இரண்டு, ஆய்வகம், மருந்தகம் என ஐந்து இருக்கைகள் உள்ளன எனக் கொள்க. ஐந்துக்கும் ஐந்து கணினி. இவற்றுக்கெல்லாம் ஏடுகளை எடுத்து வழங்கும் ‘வழங்கி’க் கணினி ஒன்று, காற்றோட்டமுள்ள பூட்டிய சிற்றறையில் இருத்தல் வேண்டும். அதில் இலினக்சு இயங்குதளமும், தரவுகளைக் காக்கும் ‘போசுட்கிரெசு’ அல்லது ‘மரியா’ போன்ற திறவூற்றுத் தரவகமும், அதன்மேல் ‘ஓப்பன் ஈ.எம்.ஆர்.’ அல்லது ‘குனு எல்த்’ போன்ற ஏட்டு மென்பொருளும் அமைக்கப்படும். குனு எல்த் என்பது 2008இல் இலூயிசு பால்கோன் என்னும் மருத்துவர் தொடங்கியது. 2011இல் குனு திட்டத்தின் உறுப்பாயிற்று. ஓப்பன் ஈ.எம்.ஆர். இணைய உலாவி வாயிலாகவே இயங்குவது. ஆகலின் மற்ற ஐந்து கணினிகளில் உலாவி ஒன்று இருந்தாற் போதும். பழைய கணினிகளும் அதற்குப் போதியவையே.

பதிவிடத்தில் பெயர் எழுதியவுடன் மருத்துவரின் திரையில் ஏடு விரியும். மருத்துவர் குருதி ஆய்வு வேண்டுமென எழுதினால் ஆய்வகத்தின் திரையில் அது தோன்றும். ஆய்வின் முடிவு மருத்துவருக்கே திரும்பும். மருந்துச் சீட்டு, நோயர் நடந்து செல்வதற்குள் மருந்தகத்தை அடையும். வழங்கி மருத்துவகத்திற்குள்ளேயே இருப்பதால் ஊரில் இணையம் அறுந்தாலும் பணி நில்லாது. ஏடுகளை எங்கோ கடல்கடந்த முகிலில் ஏற்றிவைத்தோர், இணையம் அறுந்த நாளில் என் செய்வர்?

கம்பியிடுவதில் நான்கு நெறிகளைக் கைக்கொள்க. நிலையான இருக்கைகளுக்கு அருகலையைவிடக் கம்பியே நன்று. காத்திருப்போர் தம் கைப்பேசிக்குப் பயன்படுத்தும் அருகலை, ஏடுகள் ஓடும் வலையோடு எவ்வாற்றானும் கலத்தல் ஆகாது. இரண்டும் தனித்தனிப் பகுப்பாக இருக்கவேண்டும். வழங்கியை வெளி இணையம் நேரே தொடாதவாறு தீயரண் ஒன்று இடையில் நிற்கவேண்டும். பணியாளர் ஒவ்வொருவர்க்கும் தனிக் கடவுச்சொல் இருக்கவேண்டும். எவர் எந்த ஏட்டை எப்போது திறந்தார் என்னும் பதிவு தானே எழுதப்பட்டு வருமாறும் செய்தல் வேண்டும். ஒரே கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையின்மேல் ஒட்டிவைக்கும் வழக்கம், பூட்டின்மேலேயே திறவுகோலைத் தொங்கவிடுவதை ஒக்கும்.

எல்லாவற்றினும் முகன்மையானது படி எடுத்தல். இரண்டு சேமிப்புத் தட்டுகளைப் பூட்டி ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் எழுதச் செய்தால் போதுமென்று சிலர் எண்ணுவர். போதாது. ஒன்றில் அழிந்தது மற்றொன்றிலும் அந்நொடியே அழியும். ஏடு மூன்று படியாக இருத்தல் வேண்டும். அவை இரண்டு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒரு படி மறையாக்கம் செய்யப்பட்டு மருத்துவகத்திற்கு வெளியே இருத்தல் வேண்டும். மேலும், எடுத்த படியிலிருந்து ஏடு திரும்ப வருகிறதா என்று திங்களுக்கொருமுறை ஆய்ந்து பார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத படி, படியன்று.

இவையெல்லாம் மிகையான அச்சம் என்று எவரும் கருதவேண்டா. 2017 மே 12ஆம் நாள், ஏடுகளைப் பூட்டிவைத்து மீட்புப்பணம் கேட்கும் ‘வானக்கிரை’ என்னும் நச்சுநிரல் இங்கிலாந்தின் அரசு மருத்துவப் பணியைத் தாக்கியது. அந்நாட்டின் தணிக்கைத் துறை அறிக்கையின்படி, 236 மருத்துவ அமைப்புகளுள் 80ஆவது தாக்கத்திற்குள்ளாயின. குடும்ப மருத்துவகங்கள் மட்டும் 595 தொற்றுக்கு ஆளாயின. விண்டோசில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதை நிறுவாதோரே பெரிதும் வீழ்ந்தனர். 2022 நவம்பர் 23ஆம் நாள் தில்லியின் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தை இத்தகைய தாக்குதல் முடக்கியது. ஏறத்தாழ இரு கிழமை பதிவுகள் கையால் எழுதப்பட்டன. 5 வழங்கிகள் தாக்குண்டன எனவும், வலை முறையாகப் பகுக்கப்படாமையே கரணியம் எனவும், தாக்குறாத ஒரு படியிலிருந்தே ஏடுகள் மீண்டன எனவும் அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. பகுப்பும் படியும் இல்லாத வலை, திறவூற்றாலே கட்டப்பட்டிருந்தாலும் காப்பற்றதே. உரிமை பெற்றவன் விழித்திருக்கவும் வேண்டும் என்க.

மூடுண்ட வழியில் விழித்திருந்தாலும் பயனில்லாத நாள் ஒன்று வரும். 2025 அக்தோபர் 14ஆம் நாளோடு விண்டோசு 10க்குத் தரும் பொதுவான புதுப்பிப்புகளை மைக்ரோசாப்டு நிறுத்திக்கொண்டது. காலவரையுள்ள சில நீட்டிப்புகள் மட்டும் எஞ்சின. அடுத்த பதிப்போ பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. அதற்கெனத் தனிக் காப்புச் சில்லு ஒன்றை அது கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஐந்து கணினிகளைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியன வாங்குக என்பதே இதன் பொருள். நோயரிடம் பெறும் கட்டணத்திலிருந்தன்றோ அப்பணம் போகிறது! அக்கணினிகளிலேயே இலினக்சை ஏற்றினால், இன்னும் சில ஆண்டுகள் புதுப்பிப்புகளோடு அவை உழைக்கும்.

எதிர்வாதங்களையும் நேர்மையோடு எதிர்கொள்வோம். ‘பழுது நேர்ந்தால் யாரைக் கேட்பது?’ என்பர். இது வெறும் வாதமன்று. திறவூற்றின் உண்மையான சுமை இதுவே. உரிமத் தொகை இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணி, நிறுவியபின் கைவிட்ட அமைப்புகள் பாழாகும். ஆகலின் உரிமத்திற்குக் கொடுத்துவந்த பணத்தை ஆளுக்குக் கொடுத்தல் வேண்டும். ஒரு சிற்றூர் மருத்துவர் தனித்து ஒரு கணினியரை அமர்த்துதல் அரிது. ஒரு நகரின் பத்து மருத்துவர்கள் கூடினால் ஒருவரை முழுநேரமும் வைத்துக்கொள்ளலாம். உரிமத் தொகை ஊரைவிட்டு ஓடும். ஊதியமோ ஊரிலேயே தங்கி, ஊர்ப்பிள்ளை ஒருவனுக்குத் தொழிலும் அறிவும் ஆகும்.

‘ஆய்வகக் கருவிகள் சில விண்டோசில்தானே இயங்குகின்றன?’ என்பதும் மெய். அங்ஙனமாயின் அக்கருவிக்கு மட்டும் அத்தகைய கணினி ஒன்றை வைத்து, வலையின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து, முடிவுகள் மட்டும் வெளிவருமாறு வழி செய்க. ஓர் அறையில் வாடகைக்காரன் இருப்பதற்காக வீடு முழுவதையும் அவனுக்கு எழுதிவைக்கவேண்டியதில்லை. ‘பணியாளர்க்குப் பழக்கமில்லை’ என்பது மூன்றாவது வாதம். கைப்பேசியில் நாளெல்லாம் இயங்கும் ஆண்டிராய்டின் கருவும் இலினக்சே. பழகியிருப்பதை அறியாமலே பழகியிருக்கிறார்கள்.

மொழி பற்றியும் ஒரு சொல். திறந்த ஆணையெழுத்தைத் தமிழாக்க எவரிடமும் இசைவு வாங்க வேண்டியதில்லை. உலகப் பொதுக்குறியீடான ஒருங்குறியில் 1991இலிருந்தே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றுள்ளன. சென்னையிலுள்ள நடுவண் அரசின் கணிமை வளர்ச்சி நடுவம் 2007இல் வெளியிட்ட ‘பாசு’ என்னும் இலினக்சுப் பதிப்பு, தமிழ் முதலிய மொழிகளுக்கு ஏந்துகளோடு வந்தது. ஆகத் தமிழகத்து மருத்துவகத்தில், ‘காலை உணவுக்குப் பின் ஒன்று, இரவு உணவுக்கு முன் ஒன்று’ என்று மருந்துச் சீட்டில் தெளிந்த தமிழில் அச்சிட்டுத் தர எந்தத் தடையுமில்லை. அளவை விளங்கிக்கொள்ளாமல் இரட்டிப்பாய் மருந்து விழுங்கும் முதியவர்க்கு இஃது அழகுக்கான செய்தியன்று, உயிர்க்கான செய்தி. மூடுண்ட மென்பொருளில் இதைச் சேர்க்க வேண்டுமெனில் விற்றவன் மனம் இரங்கவேண்டும். தமிழர் எண்ணிக்கை அவன் வணிகக் கணக்கிற்குப் போதவில்லையெனில் அவன் இரங்கான்.

ஆகவே மருத்துவப் பெருமக்களை யாம் வேண்டுவது இது. மென்பொருள் விற்க வருவோர் எவராயினும், திறந்தது விற்பவராயினும் மூடியது விற்பவராயினும், மூன்று வினாக்களைக் கேளுங்கள். முழு ஏட்டையும் பிறர் படிக்கக்கூடிய பொதுச் செந்தர வடிவில், என் விருப்பம்போல் எந்நாளும் நானே எடுத்துக்கொள்ளலாமா? உமக்குப் பணம் கட்டுவதை நான் நிறுத்திய மறுநாளும் ஏடு திறக்குமா? உம்மை விட்டு வேறொருவரைக் கொண்டு இதைப் பேணிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடையை எழுத்தில் வாங்குங்கள். ஒன்றற்கேனும் இல்லை என்றால், விலை எத்துணைக் குறைவாயினும் அப்பொருளை வாங்காதீர்கள்.

பொறியியல் பயின்று வேலை தேடும் இளைஞர்களே! உங்கள் ஊரின் மருத்துவகம் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். முதலில் பழைய கணினி ஒன்றில் பொய்யான பெயர்களையும் பொய்யான நோய்களையும் இட்டு அமைப்பை நிறுவிப் பழகுங்கள். மூன்று திங்கள் அது பிழையின்றி ஓடியபின், தாள் ஏட்டையும் கைவிடாமல், ஓர் அறையில் மட்டும் தொடங்குங்கள். அது நிலைத்தபின் அடுத்த அறைக்குச் செல்லுங்கள். உண்மை நோயரின் ஏட்டை உங்கள் பயிற்சிக்களம் ஆக்காதீர்கள். செய்த ஒவ்வொன்றையும் தமிழில் எழுதிவையுங்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போனாலும் அடுத்தவர் அதைக் கொண்டு பேணட்டும்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளும் ஒன்றையொன்று காணக்கூடியவை. நோயரை மருத்துவர் அறிவார். மருத்துவரை நோயர் அறிவார். மருந்தை இருவரும் அறிவர். உடனிருப்பவர் மூன்றையும் அறிவார். கணினி அந்நான்குக்கும் உதவும் கருவியாக இருக்கட்டும். உள்ளே என்ன நடக்கிறதென்று திறந்து பார்க்கக்கூடிய கருவியாக இருக்கட்டும். நோயரின் ஏட்டுக்குத் திறவுகோல் மருத்துவகத்திலேயே இருத்தல் வேண்டும்.